பொதுமக்கள் வேடம்

“அந்தப் பயிற்சிக் கான்ஸ்டபிள் என் மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், சேர். அடித்த அதே இடத்தில் நின்று, பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் கேட்க வேண்டும்.”

செசிலியா இதைச் சிங்களத்தில், கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். இன்ஸ்பெக்டர் வேகொடபொல வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த விமலநாதன் சேர் தன் சப்பாத்து நுனியில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அதையே பார்க்கத் தொடங்கினார். அவர்தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னவர்: “பிள்ளை, இங்க நீர் லீவு கேக்கலாம். மேசை விசிறி கேக்கலாம். தரமாட்டினம், ஆனாக் கேக்கலாம். ஒரு காக்கிச் சட்டை மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு மட்டும் ஒருநாளும் கேட்டுப்போடாதையும். விளங்குதோ?” யாழ்ப்பாணத்துக்காரரின் பகிடி என்று நினைத்து அவள் அன்றைக்குச் சிரித்தாள்.

கண்டித் தலதா மாளிகையில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம் அது. பொலிஸில் சேரும் பையன்கள் தமிழும் படிக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. வத்தேகமப் பக்கம் போகும் வழியில் ஒரு மேட்டில் இருந்த அந்தப் பயிற்சிப் பாடசாலைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் பென்சன் எடுத்த மொழிபெயர்ப்பாளர் விமலநாதன். மற்றவள் மஹய்யாவச் செசிலியா, பேராதனையில் பட்டம் வாங்கி வேலையில்லாமல் இருந்தவள். அவளுடைய வரிசை வீடுகளிலிருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள் அவள்தான். அம்மாவும் அம்மாவின் அண்ணன் இருளப்பனும் மாநகர சபையில் தெருக் கூட்டுபவர்கள். அம்மா வேதத்தில், ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் கட்டியதால் மகளுக்குச் செசிலியா என்று பெயர் விழுந்தது. இருளப்பன் இருளப்பனாகவே இருந்தார். வேலை தற்காலிகம். நிரந்தரம் ஆகும் ஆகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அம்மா அந்த நிரந்தரத்துக்கு இரண்டு மதத்திலும் நேர்த்தி வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். மைதானத்தின் ஒரு மூலையில் வேகொடபொல ஒரு பொய்ச் சோதனைச் சாவடி அமைத்திருந்தார். இரண்டு தார்ப் பீப்பாய், குறுக்கே ஒரு மூங்கில், எஞ்சின் கழற்றிய பழைய பஸ் ஒன்று, தரையில் சுண்ணாம்புக் கோடுகள். பஸ்ஸில் ஆட்கள் இருக்க வேண்டும். பையன்கள் அவர்களை இறக்கி, வரிசையில் விட்டு, பையைப் பார்த்து, கேள்வி கேட்டுப் பழக வேண்டும். பையன்களே பொதுமக்களாக நடித்தபோது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் காரியத்தைக் கெடுத்தார்கள். அதனால் உண்மையான தமிழாட்களே வேண்டும் என்று வேகொடபொல மாநகர சபைக்குச் சொல்லி அனுப்பினார். சபை மஹய்யாவவிலிருந்து ஒரு வேன் நிறையத் தொழிலாளர்களை அனுப்பியது. அன்றைக்குத் தெருக் கூட்டத் தேவையில்லை. பகலுக்குச் சோற்றுப் பார்சல். யாருக்குக் கசக்கும்?

ஆனால் அவர்களை வைத்துப் பழகவே முடியவில்லை. பையன்கள் “இறங்கு” என்று சொல்ல வாய் திறப்பதற்கு முன்பே பஸ் காலியாகிவிடும். வண்டி நின்றால் இறங்க வேண்டும் என்பதற்குக் கட்டளை ஒன்று தேவை என்பதே அவர்களுக்குத் தெரியாது. இறங்கியவர்கள் தாங்களாகவே ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரிந்தார்கள். இரண்டு கையும் வெளியில் தெரிய வேண்டும் என்று அடையாள அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டார்கள். பையைத் திறந்து காலடியில் வைத்து, ஓர் எட்டுப் பின்னால் போய் நின்றார்கள். ஒரு கிழவி பயிற்சிக்கு வந்த பையனிடம், “தம்பி, எங்க சேலை மடிப்பையும் பாக்கணும், பொம்பள பொலிசு இல்லியா?” என்று அவனுக்கே ஞாபகப்படுத்தினாள். வேகொடபொலவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “பொதுமக்களாக நடிக்கச் சொன்னால் இவர்கள் பொதுமக்களாகவே இருக்கிறார்கள், மிஸ். ஒருத்தராவது எதிர்த்துப் பேச வேண்டாமா? என் பையன்கள் எதைப் படிப்பது?”

பையைத் திறக்க மறுக்கும் ஆளாக நடிக்க இருளப்பனைத் தேர்ந்தது செசிலியாதான். ஆள் நெடுநெடுவென்று இருப்பார், குரலும் கணீரென்று இருக்கும். முதல் தடவை, பந்துல என்ற பயிற்சிக் கான்ஸ்டபிள் “பையைத் திற” என்றதும் இருளப்பன் திறந்துவிட்டார். இரண்டாம் தடவை மறுக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது; ஆனால் அது வருவதற்குள் கை பையின் சிப்பை இழுத்துவிட்டது. வேகொடபொல அங்கிருந்து கத்தினார். செசிலியா ஓடிப்போய் மாமாவின் காதுக்குள் சொன்னாள்.

“மாமா, முடியாதுன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்.”

“எப்புடிம்மா சொல்றது? ஏன் முடியாதுன்னு கேட்டா?”

“கேக்க மாட்டாங்க. இது நடிப்பு.”

“அவங்களுக்கு நடிப்புன்னு தெரியுமா?”

“தெரியும் மாமா. நான் பக்கத்துலதானே நிக்கிறேன்.”

மூன்றாம் தடவை இருளப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். உடம்பைக் கொஞ்சம் வளைத்தார். “முடியாதுங்க ஐயா” என்றார். சொன்ன கையோடு, மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்று காட்டுவதற்காக, பந்துலவைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். பின்னால் நின்ற பையன்களும் கொல்லென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். பந்துலவின் கை வந்த வேகத்தில் இருளப்பன் பீப்பாயில் போய் மோதினார். பையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியும் ரப்பர் கையுறையும் சுண்ணாம்புக் கோட்டில் விழுந்தன. பிறகு வேகொடபொல கை தட்டினார். “அதுதான்! இத்தனை நாளாக நான் கேட்டது அதுதான்!” பந்துலவுக்கு முழுப் புள்ளி.

இருளப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து செசிலியாவைத் தேடினார். “சரியாச் சொன்னேனா புள்ள?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் ராத்திரி முழுக்க அவள் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்து, விடிந்ததும் இந்த அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

வேகொடபொல கோப்பையை வைத்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. லஞ்சம் வாங்கமாட்டார், பையன்களின் சாப்பாட்டில் கைவைக்கமாட்டார், அவளை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

“மிஸ், ஒரு பொலிஸ்காரன் மன்னிப்புக் கேட்டதை ஓர் ஊர் பார்த்துவிட்டால், அடுத்த நாள் அந்த ஊரில் அவனுக்கு வேலை இல்லை” என்றார், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. “மரியாதை தானாக வராது. அதைப் பழக்க வேண்டும். நான் பயிற்சிக்குப் போன முதல் நாள் எங்கள் சார்ஜன்ட் எனக்கு அடித்தார். காரணமே இல்லை. இன்றைக்கு அவர் கிழவர், பொல்லூன்றி நடக்கிறார். எங்கே கண்டாலும் நான் எழும்பி நிற்பேன்.”

“எழும்பி நிற்பது மரியாதையிலா சேர், கன்னம் ஞாபகம் வருவதாலா?”

விமலநாதன் சேர் இருமினார். வேகொடபொல கோபப்படவில்லை. யோசிப்பதுபோல்கூட ஒரு கணம் இருந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். “வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவருக்கு இந்தக் காட்சியைத்தான் காட்டப் போகிறேன். அதே ஆள், அதே பையன், அதே அடி. அது நன்றாக இருந்தது. உங்கள் நிரந்தர நியமனத்துக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மாமாவை நல்லபடியாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

வராந்தாவுக்கு வந்ததும் விமலநாதன் சேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினார். “நான் சொன்னனான்தானே! என்ர மூத்தவன் கொழும்பில லொட்ஜில இருக்கிறான். மாசத்தில ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு போவினம். இந்த மனுசன் டெலிபோனில ஒரு கோல் எடுத்தா விடுவினம். நான் ஆரிட்டப் போய் மன்னிப்புக் கேக்கச் சொல்லட்டும்? சொல்லும் பாப்பம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலம் மஹய்யாவவுக்கு ஏறும்போதே தண்ணீர்க் குழாயடியில் ஒரே சிரிப்பாக இருந்தது. இருளப்பனின் மனைவி ராக்காயி அகப்பையைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எதிரே பையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏய், பையத் தொற!”

“முடியாது.”

“இன்னுஞ் சத்தமா! எங்கிட்ட மட்டும் எட்டு வீட்டுக்குக் கேக்குற மாதிரி கத்துவீங்களே, அந்தத் தொண்ட எங்க போச்சு?”

“நீ பொலிசா இருந்தா ஒங்கிட்டயும் கத்த மாட்டேன்டி.”

தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். செசிலியாவைக் கண்டதும் இருளப்பன் உற்சாகமாக, “பாத்தியா புள்ள, இந்தத் தடவ சிரிக்காமச் சொல்லப் பழகிட்டேன். சிரிச்சதுதான் தப்பாப் போச்சு” என்றார். இடது கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

“நீங்க வெள்ளிக்கிழம வர வேணாம் மாமா.”

சிரிப்பு நின்றது. அவர் அகப்பையை மனைவியிடமிருந்து வாங்கிப் படியில் வைத்தார், ஏதோ அது கண்ணாடிச் சாமான் என்பதுபோல. பிறகு வாசலில் குந்தினார்.

“நீ அந்தப் பெரிய ஐயாகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கச் சொன்னியாமே. சவாஹிரு சொன்னான். எதுக்கும்மா அது?” வேன் ஓட்டுகிற ஜவாஹிருக்கு எல்லாச் செய்தியும் தெரியும், அவை எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரும். “போன வருசம் குண்டு வெடிச்ச அன்னைக்கு ராத்திரி நம்ம லயத்த வளைச்சாங்கள்ல. லொறியில ஏத்துனாங்க. எதுக்கு சார்னு கேட்டவன் எல்லாம் உள்ள கெடந்தான். நான் கேக்கல. ஏறுன்னா ஏறுனேன், குந்துன்னா குந்துனேன். சட்டையக் கழட்டுன்னு சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சு முன்னாடியே கழட்டிட்டேன். என்னையத்தான் மொதல்ல வுட்டாங்க. அது நான் படிச்ச படிப்பு. நீ கம்பஸ்ல படிச்ச மாதிரி.”

“அதுக்காக அடி வாங்கிட்டுப் பல்லக் காட்டணுமா?”

“அந்தத் தம்பிமாருக்கெல்லாம் என் மொகம் பழகுதுல்ல? நாளைக்கு அவன்ல ஒருத்தன் இங்க டூட்டிக்கு வருவான். திரும்ப வளைப்பாங்க. வளைக்காம இருக்கப் போறாங்களா? அப்ப ஒருத்தனாச்சும், ‘இது நம்ம இருளப்பன்தானே, எறக்கி வுடு’ன்னு சொல்ல மாட்டானா?”

“எப்புடி அடையாளம் சொல்லுவான் மாமா? நம்ம அடிச்ச கன்னம்னா?”

“செசிலி!” உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. அதட்டல் அந்தப் பெயரோடு நின்றுவிட்டது. இருளப்பன் கன்னத்தைத் தடவிக்கொண்டு எங்கேயோ பார்த்தார். கீழே நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது: மேட்டில் இருக்கிற அந்தப் பாடசாலையில் பையன்கள் இப்போதுதான் முதலாம் வகுப்பில் இருக்கிறார்கள். மாமா எப்போதோ சித்தியடைந்துவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாடம்தான். ஒருவனுக்குக் கையை ஓங்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், மற்றவனுக்கு அது ஓங்குவதற்கு முன்பே குனிய. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வேகொடபொல மரியாதை என்கிறார். அதற்குத் தமிழில் உரை சொல்லிக்கொடுக்கத் தன்னை வைத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை வகுப்பு முடிந்து பையன்கள் போன பிறகும் பந்துல மட்டும் போகாமல் வாங்கில் உட்கார்ந்திருந்தான். காது விடைத்த, மெலிந்த பையன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவளை நேரே பாராமல் சிங்களத்தில் கேட்டான், “மிஸ், மன்னிப்புக் கேட்பதற்குத் தமிழில் என்ன சொல்வார்கள்? அது பாடத்தில் இல்லை.”

இல்லைதான். அவள் அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நில். இறங்கு. எங்கே போகிறாய். யார் வீட்டில் தங்கியிருக்கிறாய். கையைத் தூக்கு. பொய் சொல்லாதே. எல்லாம் அவள் குரலிலேயே, அவளுக்குப் பின்னால் பையன்கள் ஒரே சத்தமாகத் திருப்பிச் சொன்னவை. உச்சரிப்பு நன்றாக வந்தபோது அவள் சந்தோஷப்பட்டும் இருக்கிறாள். முகம் சுட்டது.

“எதற்கு? அதற்கும் புள்ளி கொடுப்பார்கள் என்று நினைத்தீர்களா?” என்று வெடுக்கென்று கேட்டாள்.

அவன் காது சிவந்தது. “அவருக்கு எங்கள் அப்பாவின் வயது இருக்கும். எங்கள் வீட்டில் அந்த வயது மனிதரிடம் குரலை உயர்த்தினாலே அம்மா சோறு போடமாட்டாள்.” பிறகு சொன்னான், “அவர் சிரித்தார், மிஸ். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். பொதுமக்கள் சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் யூனிபோர்முக்கு மதிப்பில்லை என்று சேர் சொல்லியிருக்கிறார். கை தானாகப் போய்விட்டது. அப்புறம் கை தட்டினார்கள். ராத்திரி நாங்கள் படுக்கும் பில்லட்டில் என்னைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.”

“உங்களுக்கு எப்படி இருந்தது?”

“அந்த நேரம் நன்றாக இருந்தது” என்றான். பொய் சொல்லத் தெரியாத முகம். “அதுதான் பயமாக இருக்கிறது.”

அவள் கரும்பலகையில் எழுதவில்லை. வாயாலேயே சொல்லிக்கொடுத்தாள். அவன் உள்ளங்கையில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு திருப்பித் திருப்பிச் சொன்னான். “மன்னிச்சுக்குங்க ஐயா. நான் அடிச்சது பிழை.” முதலில் கட்டளை மாதிரியே வந்தது. அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் அப்படித்தான் இருந்தது. “மெதுவாக” என்றாள். “நீங்கள் கேட்கிறீர்கள். அவர் தருவாரோ மாட்டாரோ தெரியாது. அப்படிச் சொல்லுங்கள்.” கடைசியில் ஒருமுறை சரியாக வந்தது.

“இதை வெள்ளிக்கிழமை மைதானத்தில் சொல்ல வேண்டும்.”

“மைதானத்திலா? மிஸ், வேனுக்குப் பக்கத்தில், தனியாக...”

“நீங்கள் தனியாக அடிக்கவில்லை.”

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பின்னேரம் அவள் ஜவாஹிரை வேனடியில் பிடித்தாள். “நானா, திங்கக்கெழமையில இருந்து வேன் வேணாம்.”

“ஏன் புள்ள? சேர் ஒண்டும் சொல்லல்லியே.”

“சேர் சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். வெள்ளியோட சரி. அதுக்கப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க.”

ஜவாஹிர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். “அப்ப நீ?”

“நானுந்தான்.”

“உம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீங்க சொல்லிடுவீங்க.”

“அல்லாஹ் அறிய, நான் யார்கிட்டயும் வாய் தொறக்கிற இல்ல” என்றான் ஜவாஹிர் நெஞ்சில் கைவைத்து. அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். செசிலியா பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடியும்வரை இருந்தாள். மாற்றிப் பேசவில்லை. இருளப்பன் மட்டும் வெள்ளிக்குப் பிறகும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஏற்றுக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டால் அந்தத் தம்பிக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமாம். அப்படியே சொன்னார்.

வெள்ளிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் கூடாரம் போட்டு, வெள்ளைத் துணி விரித்த கதிரைகள் போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர் தடித்த, களைத்த மனிதர். கூடவே இன்னும் நாலைந்து அதிகாரிகள். சுண்ணாம்புக் கோடுகளைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து மஹய்யாவக்காரர்கள் மளமளவென்று இறங்கி, தாங்களே வரிசையாகி, அட்டையைப் பல்லில் கவ்வினார்கள். கூடாரத்தில் யாரோ மெச்சிக்கொள்வது செசிலியாவுக்குக் கேட்டது. என்ன ஒழுங்கு, என்றார் ஒருவர். அவள் விமலநாதன் சேரின் பக்கத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

பந்துல இருளப்பனுக்கு முன்னால் வந்து நின்றான். “பையைத் திற.”

“முடியாது!” என்றார் இருளப்பன். சிரிக்கவில்லை, குனியவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது. குழாயடியில் பழகியதற்குப் பலன் இருந்தது. அந்தக் குரல் கூடாரம்வரை போயிருக்கும். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அடி வருவதற்காகக் காத்திருந்தார்.

பந்துல கையை ஓங்கவில்லை. தொப்பியைக் கழற்றினான். அது பயிற்சியில் இல்லாத ஒன்று; பின்னால் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “மன்னிச்சுக்குங்க ஐயா” என்றான். “அன்னைக்கு நான் அடிச்சது பிழை.”

இருளப்பன் கண்ணைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். இதுவரைக்கும் ஒரு பொலிஸ்காரன் வாயிலிருந்து அவர் கேட்டதெல்லாம் கட்டளை. இதுவும் ஏதோ புதுக் கட்டளை, தமிழில் சொல்லியும் தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. பை கையிலிருந்து நழுவியது. இரண்டு கையையும் மேலே தூக்கினார். கால்களை அகட்டிவைத்தார். மெதுவாகத் திரும்பி, பஸ்ஸின் தகரத்துக்கு முகத்தைக் கொடுத்து நின்றார். அவரைப் பார்த்து வரிசையில் நின்ற அத்தனை பேரும், பெண்களும்கூட, கையைத் தூக்கினார்கள்.

கூடாரத்தில் யாரோ சிரித்தார்கள். தடித்த அதிகாரி என்ன சொன்னான் அவன் என்று கேட்டார். வேகொடபொல ஏதோ விளக்கம் சொல்லிவிட்டு வேகமாக மைதானத்துக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “தொப்பியைப் போடு” என்றார் பந்துலவிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. “மறுபடி. முதலிலிருந்து. சொல்லிக்கொடுத்த மாதிரி.”

பந்துல தொப்பியைப் போட்டான். கை பக்கத்தில் தொங்கியது. உள்ளங்கையில் மை வியர்வையில் கரைந்து நீலமாக இருந்தது. இருளப்பன் தகரத்தோடு இருந்த முகத்தைக் கொஞ்சமாகத் திருப்பி, அவன் தவிப்பதைப் பார்த்தார். தன்னால் ஒரு பையனின் வேலை போகப் போகிறது என்பது மட்டும் அவருக்கு நன்றாக விளங்கிவிட்டது. வீங்கி வடிந்த இடது கன்னத்தை அவன் பக்கம் காட்டினார்.

“அடிங்க தம்பி” என்றார், இரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு. “பரவாயில்ல. சும்மா அடிங்க.”

செசிலியாவுக்குக் கேட்டது. அவள் கயிற்றுக்குக் கீழே குனிந்து மைதானத்துக்குள் வந்தாள். விமலநாதன் சேரின் கை அவள் முந்தானையைப் பிடிக்க வந்தது; பிறகு பிடிக்காமலே திரும்பிப் போனது. அவள் கோடுகளை மிதித்துக்கொண்டு நேராக நடந்தாள். கீழே கிடந்த பையை எடுத்தாள். அதன் சிப் மூடியே இருந்தது.

“மிஸ்” என்றார் வேகொடபொல தணிந்த குரலில், விருந்தாளிகளுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று. “போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மத்தியானம் கையெழுத்து ஆகிவிடும்.”

“உங்கள் பையன் இன்றைக்கு ஒரு மனிதரிடம் மரியாதையாகப் பேசினான், சேர். நீங்கள் கற்றுக்கொடுக்காததை” என்றாள் அவள். குரலைத் தணிக்கவில்லை; கூடாரத்துக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். “அதற்குப் புள்ளி போடுங்கள். போடமாட்டீர்கள் என்றும் தெரியும். நான் இங்கிருந்து நேராகக் கண்டியில் மனித உரிமை அலுவலகத்துக்குப் போகிறேன். உங்கள் பெயரையும் சொல்வேன், என் பெயரையும் சொல்வேன். உங்களுக்குத் தெரியாமல் போனேன் என்று இருக்கக் கூடாது.”

பந்துலவைப் பார்த்தாள். அவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான், தொப்பி நெற்றியில் கோணலாக. அவனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அதையும் அந்த அலுவலகத்தில் சொல்லத்தான் வேண்டும்.

“மாமா, வாங்க. போறோம்.”

“எங்கம்மா?”

“கீழ. பஸ்ஸுக்கு.”

“அந்த ஐயா போகச் சொல்லலியே.”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதிகாரிகளைத் தவிர யாரும் நடக்கக் கூடாத மைதானத்தின் நடுவாலேயே வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். வெயில் ஏறியிருந்தது. யாரோ விசில் ஊதினார்கள், பிறகு அதுவும் நின்றது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்னால் கிரவல் கல்லில் ரப்பர்ச் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. தயங்கி நின்று, மறுபடி உரசி, தயங்கி, அவள் காலடிக்கு எட்டாமலும் பிந்திவிடாமலும் வந்துகொண்டிருந்தது. அவர் கைகளைக் கீழே இறக்கிவிட்டாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.